அத்திப்பள்ளி தாண்டினால் குத்தகைச் சட்டம் வேறு

பெங்களூரில் சொத்து வழக்குகள் பார்க்கிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழர்கள் வந்தால், வீட்டுப் பத்திர வேலை முடிந்ததும் பேச்சு ஊர் நிலத்துக்குப் போய்விடும். கிருஷ்ணகிரியில் இரண்டு ஏக்கர், திருவண்ணாமலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் என்று சும்மா கிடக்கும். குத்தகைக்கு விடலாமே என்றால், "உழவடைன்னு போய் நின்னுட்டா என்ன சார் பண்றது?" என்பார்கள். உழவடை என்றால் உழுகிறவருக்குள்ள குத்தகை உரிமை; அதைக் காட்டி நிலத்தைத் திருப்பித் தர மாட்டாரோ என்பதுதான் பயம். கேட்கிற பக்கத்துக் காட்டுக்காரர் நல்லவர்தான், கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. ஆனாலும் நிலத்தில் சீமைக்கருவேலம்தான் வளரும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டு உழுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. வாய்ப்பேச்சுக் குத்தகையும் அதில் சேரும். குத்தகைப் பணம் பாக்கி வைப்பது போன்ற, சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால்தான் வெளியேற்ற முடியும். அதுவும் வருவாய் நீதிமன்றம் வழியாகத்தான். வீட்டு வாடகை போல 11 மாத ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்ட யோசனை விளைநிலக் குத்தகையில் செல்லாது.

அதற்காக எழுதாமலே விடுவது இரண்டு பேருக்கும் கேடு. அந்தச் சட்டமே குத்தகைச் சீட்டை மூன்று படிகளாக எழுதச் சொல்கிறது. ஒன்று நிலக்காரருக்கு, ஒன்று உழுகிறவருக்கு, மூன்றாவது தாலுகா அலுவலகத்துக்கு. சர்வே எண், பரப்பு, குத்தகை எவ்வளவு என்று எல்லாம் அதில் வரும். இப்படிச் சீட்டு எழுதிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் மிகக் குறைவு. "எழுதினால் உழுகிறவருக்கு உரிமை வந்துவிடும்" என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு எழுதாவிட்டாலும் அவருக்கு உண்டு. பாக்கி எவ்வளவு என்று காட்டக் கையில் காகிதம் இல்லாமல் திண்டாடப்போவது நிலக்காரர்தான்.

சரி, மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலுகாவில் நிலம் இருந்தால்? கதையே மாறிவிடும். கர்நாடகத்தில் 1974 மார்ச் 1 முதல் குத்தகை நிலங்கள் அரசின் வசமாகி, உழுதவர்கள் நில நடுவர் மன்றத்தில் மனுப் போட்டு உரிமை பெற்றார்கள். பல ஏழைக் குடும்பங்கள் தலையெடுத்தது அதனால்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே சட்டம் புதிய குத்தகைக்கும் தடை போட்டது. படைவீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 2020-இல் வந்த திருத்தம், விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்க வழி திறந்தது. வாங்கலாம், குத்தகைக்கு விடக் கூடாது! நடைமுறையில் விடத்தான் செய்கிறார்கள், எல்லாம் வாய்வழியாக. ஒப்பந்தத்தைப் பெங்களூரில் முத்திரைத்தாளில் எழுதினாலும் ஓசூரில் எழுதினாலும், நிலம் இருக்கும் மாநிலத்தின் சட்டம்தான் பொருந்தும்.

வாய்வழிக் குத்தகையில் அடிபடுவது உழுகிறவர். அடுத்த வருடம் இதே நிலம் கிடைக்குமா என்று தெரியாதவர் தொழு உரம் கொட்ட மாட்டார், சொட்டுநீர்க் குழாய் போட மாட்டார். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு. ஆனால் அடங்கலில் (யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில்) பெயரோ கையில் சீட்டோ இல்லாமல் அதை வாங்குவது பெரும்பாடு. மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித் திட்டத்தில் வரும் வருட 6,000 ரூபாயோ நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

இதை மாற்ற 2016-இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. நிலக்காரரின் உரிமை போகாது, உழுகிறவருக்குக் கடனும் காப்பீடும் கிடைக்க வழி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நல்ல யோசனை என்பேன். ஆனால் மாதிரிச் சட்டம் தானாக எங்கும் அமலாகாது, மாநிலங்கள் இயற்ற வேண்டும்.

இன்னொன்று, பல பேர் பெயரில் இருக்கும் கூட்டுப்பட்டா. அண்ணன் ஊரில், தம்பி இங்கே, அக்கா சேலத்தில். அண்ணன் மட்டும் குத்தகை பேசி முடித்துவிடுவார். 1989 முதலே தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு கேட்கும் வழி இருப்பதால், அக்காவின் கையெழுத்தும் வேண்டும். பாகப்பிரிவினை முடித்துத் தனிப்பட்டா வாங்கிவிட்டால் குத்தகையும் சுலபம், விற்பனையும் சுலபம்.

விற்பனை என்றதும், பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று ஒன்றை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். வாய்வழிக் குத்தகை அதில் வராது. நிலம் கைமாறினாலும் சாகுபடிக் குத்தகைதாரரின் உரிமை போய்விடாது; வாங்கியவர் பழைய நிலக்காரரின் இடத்தில் நிற்க வேண்டியதுதான். அதனால் தாலுகா அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவேட்டைப் பாருங்கள், அடங்கலைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒரு நாள் நேரில் போய், உழுதுகொண்டிருப்பவர் யார் என்று பக்கத்துக் காட்டில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.