"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள்

ஒரு செயலியின் திரைகளை வடிவமைத்து முடித்ததும் நாலு பேரிடம் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதை நம்பி வெளியிட்டால், அறுபது வயதைத் தாண்டியவர் பிறந்த தேதிக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்.

அந்தக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தொட்டதும் இந்த மாத நாட்காட்டி திறக்கிறது. 1962-க்குப் போக, இடப்பக்க அம்புக்குறியை மாதத்துக்கு ஒருமுறை என எழுநூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். மேலே இருக்கும் ஆண்டைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் வரும். ஆனால் அது பட்டன் மாதிரியே தெரியாது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களும் எண் விசைப்பலகையும் வைத்தால் தொல்லை தீர்ந்தது. இந்தக் குறை கருத்துக் கேட்டால் வெளிவராது. செய்யவிட்டுப் பார்த்தால் முதல் ஆளிடமே தெரிந்துவிடும்.

சோதனைக்கு ஐந்து பேர் போதும். ஒருவர் சராசரியாக 31% குறைகளை வெளிக்கொணர்வார், ஐந்து பேரில் சுமார் 85% தெரிந்துவிடும் என்பது பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு. அது சராசரிதான், உங்கள் செயலிக்கு அப்படியே பொருந்தும் என்று இல்லை. கண்டதைத் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரை உட்கார வைப்பது, ஒரே தடவையில் பதினைந்து பேரைச் சோதிப்பதைவிட மேல். கடைக்காரர், வாடிக்கையாளர் என இரு தரப்பும் பயன்படுத்தும் செயலி என்றால் இரண்டு தரப்பையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது பணியைச் சொல்லும் விதத்தில். திரையில் "கட்டணம் செலுத்து" என்று இருக்கும்போது "கட்டணம் செலுத்துங்கள்" என்றால், அவர் அந்தச் சொல்லைத் தேடித் தொடுவார், அவ்வளவுதான். "வீட்டுக்குக் கரண்ட் பில் வந்திருக்கு, இதில் கட்டிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் பேசாதீர்கள். "இதை அழுத்தலாமா?" என்று அவர் கேட்டால், "நான் பக்கத்தில் இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். விரல் தயங்கிய இடம், பின்னால் போன இடம், தவறாகத் தொட்ட இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் காரணத்தைவிட இந்தக் குறிப்புகள் நம்பகமானவை.

ஆளை வைத்துச் சோதிக்காமலே கண்டுபிடிக்கக் கூடியவையும் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். கட்டத்துக்குள் மங்கலான சாம்பல் நிறத்தில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இதில் தோற்கும். தட்டச்சு செய்ததும் அந்தக் குறிப்பு மறைந்தும் விடும். எனவே கட்டத்தின் பெயரை வெளியே, மேலே எழுதுங்கள். ஆண்ட்ராய்டில் தொடும் பரப்பு அகலத்திலும் உயரத்திலும் 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் அலகு) இருப்பது நல்லது.

தமிழ்த் திரைகளுக்குத் தனிக் கவனம் தேவை. ஆங்கிலத்தில் ஆறே எழுத்துள்ள "சப்மிட்" பட்டனில் "சமர்ப்பிக்கவும்" அடங்காது, பாதியில் வெட்டுப்படும். "அனுப்பு" போதும். வரி உயரத்தை இறுக்கினால் புள்ளியும் மேல் சுழியும் நறுக்கப்படும். விலை குறைந்த போனில், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்து ஒவ்வொரு திரையையும் பாருங்கள்.

சோதனை நடக்கும்போது நிரல் எழுதுபவரையும் கூட உட்கார வையுங்கள். அறிக்கையாக அனுப்பினால் ஒவ்வொரு குறைக்கும் வாதம் நடக்கும். பயனர் திணறுவதை நேரில் பார்த்தவர் அன்றைக்கே திருத்த உட்காருவார்.