மகசூல்: விளைச்சலா, கண்டுமுதலா?

"ஏக்கருக்கு எத்தன மூட்டை கண்டுமுதல்?"னு தஞ்சாவூர் பக்கம் களத்துமேட்டுல கேப்பாங்க, அதே கேள்வி அரசாங்க பேப்பர்ல ஏறுனா மகசூல்னு மாறிடும். ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். முழுசா ஒண்ணு இல்ல.

மகசூல் அரபிச் சொல். மூலம் மஹ்ஸூல், திரட்டினது, கைக்கு வந்ததுன்னு அர்த்தம். பாரசீகம், உருதுன்னு வருவாய்க் கணக்கு எழுதுன மொழிங்க வழியா நம்மகிட்ட வந்துச்சு, உருதுல அதுக்கு வரி, தீர்வைன்னும் பொருள் இருக்கு. தாசில்தார்ல இருக்குற தாசிலும் இதே வேர்தான், வசூலிக்கிறதுன்னு அர்த்தம். ஆனா வசூல்ங்கிற சொல் வேற வேர், சத்தம் ஒத்துப்போறதால நிறைய பேர் சேத்துப் பாத்துடுறாங்க.

தமிழ்ல விளைச்சல் இருக்கு, பழைய சொல் விளையுள். திருக்குறள்ல நாடு அதிகாரம் தொடங்குறதே 'தள்ளா விளையுளும்'னுதான், குறையாத விளைச்சல். ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது கண்டுமுதல். கதிர் அடிச்சு, தூத்தி, பதர் போக, அளந்து கையில நிக்கிற நெல்லு அது. பயிர் நிக்கும்போதே விளைச்சல் நல்லாருக்குன்னு சொல்லிடலாம், கண்டுமுதல களத்துக்கு வராம சொல்ல முடியாது.

உற்பத்தி, உற்பத்தித்திறன் ரெண்டையும் பத்திரிகையிலயே மாத்தி எழுதுறாங்க. மொத்தம் எத்தன டன்ங்கிறது உற்பத்தி, ஹெக்டேருக்கு எத்தன கிலோங்கிறது உற்பத்தித்திறன், நல்ல தமிழ்ல விளைதிறன். 1950-51ல இந்தியாவுல அரிசி ஹெக்டேருக்கு 668 கிலோ, இப்ப 2,700ஐத் தாண்டிடுச்சு, 1966ல வந்த ஐ.ஆர்.8 மாதிரி குட்டை ரகம், உரம், பம்புசெட்டு, அரசு கொள்முதல் விலை எல்லாம் சேந்து செஞ்ச வேலை அது.

சொல் வித்தியாசம் வலிக்கிற இடம் பயிர் காப்பீடு. வயல்ல 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்குற நெல்ல மட்டும் அறுத்து அடிச்சு தராசுல வெப்பாங்க, 10 கிலோ நின்னா 400ஆல பெருக்கி ஹெக்டேருக்கு 4,000 கிலோ. இப்படி சில வயல்ல எடுத்து ஊருக்கே ஒரு சராசரி போடுவாங்க. பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்துல கடந்த 7 வருஷத்துல நல்லா வெளஞ்ச 5 வருஷ சராசரியில 70, 80, இல்ல 90 சதவீதம் உத்தரவாத மகசூல், ஊர் சராசரி அதுக்குக் கீழ போனாத்தான் இந்தக் கணக்குல இழப்பீடு. ஒருத்தர் வயல் புகையான் பூச்சி அடிச்சு கருகிப் போயிருக்கும், கண்டுமுதல் ஒரு மூட்டை கூட தேறியிருக்காது, ஆனா ஊர் மகசூல் தாண்டி நின்னா அவருக்கு காசு கிடையாது. மகசூல் போச்சேன்னு அவர் சொல்றதும் மகசூல் இருக்கேன்னு ஆபீஸ்ல சொல்றதும் வேற வேற கணக்கு. நோட்டீஸ்ல 'ஊர் சராசரி விளைச்சல்'னு எழுதுனா, தன் கண்டுமுதலப் பத்தி பேசலைன்னு பிரீமியம் கட்டும்போதே அவருக்குப் புரிஞ்சிருக்கும்.