சந்தை விழும்போது புட் வாங்கும் முன்

2015 டிசம்பர் 9 இரவு தென்னாப்பிரிக்க நிதியமைச்சர் ந்லான்லா நெனே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த இரண்டு நாள்களில் ஜோகன்னஸ்பர்க் சந்தையில் வங்கிப் பங்குகள் சரிந்தன. ஒரு டாலர் 15 ரேண்டைத் தாண்டியது. நாற்பது பெரிய கம்பெனிகளை அளக்கும் டாப் 40 குறியீடு மட்டும் அந்த அளவுக்கு அசையவில்லை. நாஸ்பர்ஸ், ரிஷ்மோன், பிஎச்பி போல வெளிநாட்டில் சம்பாதிக்கும் கம்பெனிகள் அதில் பெரும் இடம் பிடித்திருந்தன. ரேண்ட் விழுந்தால் அவற்றின் ரேண்ட் விலைக்குத் தாங்கல் கிடைக்கும். கையில் வங்கிப் பங்குகளை வைத்துக்கொண்டு டாப் 40 குறியீட்டை ஷார்ட் செய்திருந்தால் (விழுந்தால் லாபம் என்று பந்தயம் கட்டியிருந்தால்), மழை ஒரு பக்கம் பெய்ய குடையை மறுபக்கம் பிடித்த கதைதான்.

2020 மார்ச் வேறு மாதிரி. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் 19 வரை ஆல் ஷேர் குறியீடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. வங்கி, சுரங்கம், சில்லறைக் கடை எல்லாம் சேர்ந்தே விழுந்தன. அப்போது குறியீட்டுக்கான புட், அதாவது சந்தை விழுந்தாலும் குறித்த விலைக்கு விற்கும் உரிமை, எல்லோருக்கும் கைகொடுத்தது.

ஆகவே முதல் வேலை உங்களிடம் இருப்பதைத் தாளில் எழுதுவது. உள்நாட்டை நம்பிய வங்கி, காப்பீடு, சில்லறை வணிகப் பங்குகள் எத்தனை சதவீதம்? ரேண்ட் சரிந்தால் ஏறக்கூடியவை எத்தனை? பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம், கல்யாணம் என்று இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருந்தால் அதற்குப் புட் போன்ற ஆப்ஷனே வேண்டாம். விற்றுவிட்டு மணி மார்க்கெட் நிதியில் போடுங்கள்.  மிக மலிவான ஹெட்ஜ் (காப்பு) பங்கைக் குறைப்பதுதான். அதைச் செய்ய மனம் வராமல்தான் பலர் சிக்கலான வழிகளைத் தேடிப் போகிறார்கள்.

மீதிப் பணத்துக்குக் கணக்கைப் பார்ப்போம். டாப் 40 குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதியான ஈடிஎஃப்பில் 3 லட்சம் ரேண்ட் இருக்கிறது. குறியீடு 1,00,000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத எக்ஸ்பைரியில் (உரிமை முடியும் நாள்) 95,000 ஸ்ட்ரைக் (விற்க உரிமையுள்ள விலை) புட்டின் பிரீமியம் (அதை வாங்கும் செலவு) 2,500 புள்ளி. ஒரு புள்ளிக்கு 1 ரேண்ட் கணக்கில் மூன்று ஒப்பந்தம் வாங்கினால் செலவு 7,500 ரேண்ட். குறியீடு 80,000க்கு விழுந்தால் ஈடிஎஃப்பில் நஷ்டம் 60,000. புட் தருவது 45,000. பிரீமியம் போக 37,500. நிகர நஷ்டம் 22,500, அதாவது 7.5 சதவீதம். சந்தை எவ்வளவு ஆழம் போனாலும் எக்ஸ்பைரியில் அதற்குமேல் இழப்பில்லை.

ஆனால் குறியீடு 96,000இல் நின்றுவிட்டால்? ஈடிஎஃப்பில் 12,000 போகும், பிரீமியம் 7,500 முழுதாகப் போகும். இப்படி நான்கு காலாண்டும் புட் வாங்கிக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு 30,000 ரேண்ட், போட்ட முதலில் பத்து சதவீதம். எந்த ஈடிஎஃப்பும் இதைத் தாங்காது. ஆண்டு முழுவதும் புட் வைத்திருப்பது சாதாரண முதலீட்டாளருக்குக் கட்டுப்படியாகாது. தேர்தல், பட்ஜெட் போன்ற குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வாங்கலாம்.

செலவைக் குறைக்க புட் ஸ்ப்ரெட் உண்டு. 95,000 புட்டை வாங்கி, 85,000 புட்டை 900 புள்ளிக்கு விற்றால் செலவு 1,600 புள்ளி, மூன்று ஒப்பந்தத்துக்கு 4,800 ரேண்ட். குறியீடு 80,000க்குப் போனால் நிகர நஷ்டம் 34,800 ஆகும். 85,000க்குக் கீழே உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

வாங்கும் நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பயம் ஏற ஏற பிரீமியமும் ஏறும்; சந்தையில் நிலவும் பதற்றத்தின் அளவை ஜேஎஸ்இயின் (ஜோகன்னஸ்பர்க் சந்தை) ‘சாவி’ (SAVI) குறியீடு காட்டும். சரிவு செய்தியாகிவிட்ட நாளில் வாங்கிய புட், குறியீடு இன்னும் கொஞ்சம் இறங்கினாலும்கூட மதிப்பிழக்கலாம். பதற்றம் தணிந்ததும் பிரீமியம் வற்றிவிடும். அமைதியான வாரத்தில் வாங்க வேண்டிய பொருள் இது. எக்ஸ்பைரியையும் பாருங்கள். ஜேஎஸ்இயில் குறியீட்டு ஆப்ஷன்களின் முக்கிய எக்ஸ்பைரி மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வியாழன். 2024 மே 29 தேர்தலுக்குக் காப்பு தேடியவருக்கு மார்ச் எக்ஸ்பைரி எதற்கும் உதவியிருக்காது, ஜூன்தான் பொருந்தும்.

உள்ளூரில் சிறு முதலீட்டாளருக்குச் சரளமாக விலை கிடைக்கும் ஆப்ஷன்கள் குறைவு. அதனால் சிலர் நியூயார்க்கில் பட்டியலிட்ட தென்னாப்பிரிக்க ஈடிஎஃப்பான ஈஇசட்ஏயில் புட் வாங்குகிறார்கள். ஓர் ஒப்பந்தம் 100 யூனிட், விலை டாலரில். ரேண்ட் விழும் வகைச் சரிவுக்கு இது பொருந்தும், ஏனென்றால் பங்கு, ரேண்ட் இரண்டின் வீழ்ச்சியும் அந்த டாலர் விலையில் சேரும். கவனிக்க வேண்டியது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருக்கும் இடைவெளி. திரையில் 1.20க்கு வாங்குபவரும் 1.80க்கு விற்பவரும் நின்றால், மார்க்கெட் ஆர்டரில் (கிடைக்கும் விலைக்கு) வாங்கிய கணமே மூன்றில் ஒரு பங்கு போயிற்று. லிமிட் ஆர்டரை (குறித்த விலைக்குமேல் வாங்காத ஆணை) நடுவிலையில் போட்டுக் காத்திருங்கள்.

இப்போது சிஎஃப்டி, அதாவது பங்கை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மீது மட்டும் புரோக்கரோடு போடும் ஒப்பந்தம். டர்பனிலும் லெனேசியாவிலும் போனைத் திறந்தாலே விளம்பரமாக வருவது இதுதான். புட் வாங்கினால் பிரீமியத்தோடு நஷ்டம் முடியும். சிஎஃப்டியில் ஷார்ட் போனால் அப்படி ஓர் எல்லை கிடையாது. 2020 மார்ச் 13 அன்று, சரிவின் நடுவிலேயே, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 9 சதவீதத்துக்குமேல் ஏறியது. பத்து மடங்கு லீவரேஜில், அதாவது கட்டிய பணத்தைப்போல் பத்து மடங்குக்கு, ஷார்ட் இருந்தவரின் மார்ஜின் (ஈடாகக் கட்டிய பணம்) அநேகமாகத் துடைக்கப்பட்டிருக்கும். பிறகு சந்தை எங்கே போனாலும் அவர் ஆட்டத்தில் இல்லை. ஷார்ட் செய்த பங்கு டிவிடெண்ட் தந்தால் அந்தத் தொகையும் உங்கள் கணக்கிலிருந்தே கழியும்.

ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு விழுந்தால் தானாக விற்கும் ஆணை) போட்டிருக்கிறேன் என்ற தைரியமும் போதாது. 2017 டிசம்பரில் ஸ்டைன்ஹாஃப் கணக்கு முறைகேடு வெளியான மறுநாள் அந்தப் பங்கு ஒரே நாளில் 60 சதவீதத்துக்குமேல் விழுந்தது. முந்தைய விலைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்தவருக்கு அந்த விலையே கிடைக்கவில்லை. சந்தை திறந்த விலைதான் கிடைத்தது. புட் வைத்திருந்தவருக்கோ ஸ்ட்ரைக் விலை அப்படியே நின்றது. பிரீமியத்துக்கு ஏன் பணம் கொடுக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நாள் போதும்.

பணம் போடும் முன் அந்த புரோக்கரின் எஃப்எஸ்பி எண்ணை (நிதிச் சேவை உரிம எண்) நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏவின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். உரிமத்தில் டெரிவேட்டிவ் (ஆப்ஷன், சிஎஃப்டி போன்றவை) அனுமதி இருக்கிறதா, சிஎஃப்டி தருபவர் என்றால் அதற்கான ஓடிபி (ODP) உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த தனிநபர் வங்கிக் கணக்குக்கு ஒரு சென்ட்கூட அனுப்பக் கூடாது. குறுகிய கால டிரேடிங் லாபத்தை வரித்துறையான சார்ஸ் பொதுவாக வருமானமாகவே பார்க்கும். ஒவ்வொரு டிரேடின் ஸ்டேட்மென்ட்டையும் அன்றன்றே சேமித்து வையுங்கள்.

ஓய்வூதியச் சேமிப்பின் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் இரு பானை முறை 2024 செப்டம்பரில் வந்த பிறகு அந்தப் பணத்தை எடுத்து டிரேடிங் செய்யும் ஆசையும் சேர்ந்துகொண்டது. எடுக்கும் தொகைக்கு உங்கள் வருமான வரிப் படியிலேயே வரி. 26 சதவீதப் படியில் இருப்பவர் 30,000 எடுத்தால் கைக்கு வருவது 22,200, கட்டணங்களைச் சேர்க்காமலே. அந்த 30,000ஐ மறுபடி கண்ணால் பார்க்கவே முதலில் 35 சதவீத லாபம் வேண்டும்.