ஜூலியா ராபின்சனும் பத்தாவது கணக்கும்

இரண்டு முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவது ஓர் எண்ணின் வர்க்கம் வர வேண்டும்: 3, 4, 5 பொருந்தும். ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தைப் போல் சரியாக இரு மடங்காக இருக்க வேண்டும்: பூஜ்யத்தைத் தவிர எதுவும் பொருந்தாது. இப்படிக் கூட்டலும் பெருக்கலும் மட்டும் உள்ள எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும், முழு எண்ணில் தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் ஒரே வழிமுறை வேண்டும் என்று 1900-இல் ஜெர்மன் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் கேட்டார். அவருடைய 23 கணக்குகளில் இது பத்தாவது.

எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் என்ன? தீர்வு இருந்தால் என்றைக்காவது சிக்கும். இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கணினி நிரல்களிலும் இதே தொல்லை உண்டு. ஓடுகிற நிரல் எப்போதாவது நிற்குமா என்று எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டியே சொல்லும் முறை கிடையாது. ஆலன் டூரிங்கின் 1936 ஆய்வு காட்டிய உண்மை இது. சரி, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சமன்பாட்டை எழுதி, நிரல் நின்றால் தீர்வு உண்டு, நிற்காவிட்டால் இல்லை என்று ஆக்கிவிட்டால்? ஹில்பர்ட் கேட்ட வழிமுறையும் கிடையாது என்றாகிவிடும்.

அதற்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் ஜூலியா ராபின்சன். 1919-இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தைப் பாதித்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1948-இல் முனைவர் பட்டம் வாங்கினார். கணவர் அங்கேயே கணிதப் பேராசிரியர் என்பதால் அந்தத் துறையில் இவருக்கு வேலை தர விதி இடம் கொடுக்கவில்லை. வேலை இல்லையே தவிர, கணக்கை விடவில்லை.

கூட்டலும் பெருக்கலும் மட்டும் உள்ள சமன்பாடு ஒன்றின் தீர்வுகள் 2, 4, 8, 16 என்பதுபோல மளமளவென்று வளர்ந்தால் போதும், அதை வைத்து எந்த அடுக்கையும் எழுதிவிடலாம் என்று காட்டினார். 1961-இல் மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம் இருவருடன் சேர்ந்து அடுத்த படியையும் ஏறினார்: அடுக்குகளை அனுமதித்தால் எந்த நிரலையும் சமன்பாடாக்கலாம். மிச்சம் இருந்தது, தீர்வுகள் அப்படி மளமளவென்று வளரும் ஒரே ஒரு சமன்பாடு. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று நினைத்தவர்களும் உண்டு.

1970 ஜனவரியில் லெனின்கிராடைச் சேர்ந்த 22 வயது யூரி மத்தியசேவிச் அதைப் பிடித்தார். உதவியது 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் ஃபிபனாச்சி வரிசை. போகப் போக ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் சுமார் 1.618 மடங்கு. அதோடு ஹில்பர்ட் கேட்ட வழிமுறை கிடையாது என்பது உறுதியானது. ராபின்சனுக்குப் பொறாமை இல்லை. நான் இதை ஊகித்தபோது நீங்கள் கைக்குழந்தை, நீங்கள் வளரும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது என்ற பொருளில் அவருக்கே கடிதம் எழுதினார். பெர்க்லி ராபின்சனைப் பேராசிரியராக்கியது 1976-இல், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் உறுப்பினராக்கிய பிறகு!

முழு எண்களுக்குப் பதில் பின்னங்களையும் தீர்வாக ஏற்றால், வழிமுறை உண்டா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. ராபின்சனின் முனைவர் பட்ட ஆய்வு பின்னங்களைப் பற்றியதுதான்.