காலையில் மட்டும் வரும் பிழை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வேலை பார்க்கும் மொத்தக் கடையில் ஜாவாவில் எழுதிய பழைய பில்லிங் மென்பொருள் ஓடுகிறது, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். தினமும் காலையில் முதல் பில் போடும்போது ‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்’ என்று பிழை வருகிறதாம். மறுபடி அழுத்தினால் பில் வந்துவிடும், அப்புறம் கடை அடைக்கும் வரை தொல்லையில்லை. எந்த குவெரியை, அதாவது தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையை, திருத்துவது?

எதையும் வேண்டாம். தப்பான குவெரிக்குக் காலை மாலை தெரியாது. நேரம் பார்த்து வரும் பிழை என்றால் முதலில் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு குவெரிக்கும் புது இணைப்பு திறந்து மூடுவது வீண்செலவு என்பதால், சில இணைப்புகளைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். அதுதான் கனெக்‌ஷன் பூல். மைஎஸ்கியூஎல்லோ 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் பெயர் வெயிட் டைம்அவுட். இரவு 9 மணிக்குக் கடை அடைத்தால் விடிகாலை 5 மணிக்குக் கதை முடிந்தது.

சரி, துண்டித்தது பில்லிங் மென்பொருளுக்கு ஏன் தெரியவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையான டிசிபியில், இணைப்பு என்று ஒரு பொருளே கிடையாது. இரண்டு கணினிகளின் நினைவகத்திலும் ஆளுக்கொரு குறிப்பு இருக்கிறது: எதிர்முனையின் முகவரி, போர்ட் எண், இதுவரை அனுப்பிய பைட் எத்தனை, வாங்கியது எத்தனை. இந்த இரண்டு குறிப்புகளும் ஒத்துப்போகும் வரைதான் இணைப்பு. யாரும் பேசாதபோது கம்பியில் அதற்காக ஒரு பிட்கூட ஓடாது. அந்நேரம் இடையிலுள்ள ரூட்டர் செத்துப் பிழைத்தாலும் இரு முனைகளுக்கும் தெரியாது. கணினி விஞ்ஞானிகள் விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது இது. நடுவில் எது வேண்டுமானாலும் செயலிழக்கலாம், ஆகவே நினைவு முனைகளில்தான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அமெரிக்க ராணுவம் உடனடி லாபம் பார்க்காமல் கொடுத்த ஆராய்ச்சிப் பணம். இன்று நம் கடைக்காரர் பில் போடுகிறார்.

மைஎஸ்கியூஎல் சொல்லாமல் போவதில்லை. ‘ஃபின்’ என்ற பாக்கெட்டை அனுப்பிவிட்டுத்தான் மூடும். எதிர்முனையின் இயங்குதளம் அதை வாங்கிக் குறித்தும் வைக்கிறது. ஆனால் ஜாவா நிரல், அடுத்த குவெரி அனுப்பும் வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. காலையில் குவெரி போகிறது, எதிர்முனை ‘யார் நீ?’ என்று ‘ரீசெட்’ அனுப்புகிறது, பிழை. பூலில் இப்படி நாலைந்து செத்த இணைப்புகள் கிடந்தால் ஒவ்வொன்றும் ஒரு பிழையைத் தந்துவிட்டுத்தான் போகும்.

உடனே பிழை வராமல் திரை அப்படியே நின்றுபோனால் குற்றவாளி வேறு. நடுவில் காவலிருக்கும் ஃபயர்வாலும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. சில நிமிடம் பேச்சில்லை என்றால் பல ஃபயர்வால்கள் யாருக்கும் சொல்லாமல் அதை அழித்துவிடும். குவெரி காணாமல் போகும், பதிலே வராது. லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 15 தடவை திரும்ப அனுப்பிப் பார்த்து, கால் மணி நேரத்துக்கு மேல் போனபிறகுதான் கையை விரிக்கும்.

ஆயுத பூஜைக்குச் சர்வருக்குக் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. காரணம் தேடாமல் தினமும் காலை 6 மணிக்கு அதை ரீஸ்டார்ட் செய்வதுதான் மூடநம்பிக்கை. இன்னொரு தாயத்து, அறுந்த இணைப்பைத் தானாகவே மறுபடி போடும் ‘ஆட்டோ ரீகனெக்ட்’. வேடிக்கை என்னவென்றால், பிழைச்செய்தியே இதைச் சிபாரிசு செய்யும், அந்தச் செய்தியைத் தரும் டிரைவரின் (ஜாவாவை மைஎஸ்கியூஎல்லோடு பேசவைக்கும் நிரல்) கையேடோ வேண்டாம் என்கிறது. பிழையைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகும் பழைய நிரலில், பில்லின் முதல் பாதி தொலைந்து இரண்டாம் பாதி மட்டும் பதிவாகலாம்.

பூலிலேயே மருந்து இருக்கிறது. இணைப்பைக் கையில் கொடுக்குமுன் ‘செலக்ட் 1’ என்ற சின்ன குவெரியை அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இணைப்பின் ஆயுளை 8 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். புதிய பூலான ஹிக்காரி அரைமணியில் முடித்துக்கொள்கிறது. ஃபயர்வால் இருந்தால் அதன் கெடுவுக்குள் முடிய வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையென்றால், சோதனை சர்வரில் வெயிட் டைம்அவுட்டை 60 நொடியாக்கி, மென்பொருளை மறுபடி கிளப்பி ஒரு பில் போட்டுவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து அடுத்த பில் போடுங்கள். காலைப் பிழை மத்தியானமே வரும். மாற்றிய மதிப்பைச் சரிபார்க்கும்போது மட்டும் ‘குளோபல்’ என்று சேர்த்துக் கேளுங்கள். கட்டளைத் திரையிலிருந்து வெறுமனே கேட்டால், மைஎஸ்கியூஎல் அந்தத் திரைக்கென்றே வைத்திருக்கும் வேறொரு அமைப்பின் மதிப்பை, அதே பழைய 28,800-ஐ, எடுத்துக் காட்டும்.