நான்காம் நாள் அடங்கிப்போன மாவு

கெப்போங்கிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, சவர்டோன்னு சொல்ற புளிப்பு ரொட்டி சுடலாம்னு உறைமாவு போட்டேன். ஆட்டா மாவும் தண்ணியும் மட்டும்தான். ரெண்டாம் நாளே போத்தல் வழியப் பொங்கிருச்சு. நாலாம் நாள் பாத்தா ஒரு குமிழிகூட இல்ல, மேல சாம்பல் கலர்ல தண்ணி நிக்குது. மூணு தடவை இப்படியே ஆகி மூணு தடவையும் கொட்டிட்டேன். நம்ம ஊரு வெக்கைக்கு இது ஒத்துவராதுன்னு சொல்றாங்க. நெசமா?"

நான்காவது தடவை கொட்டாதீர்கள், தங்கச்சி. அந்த மாவு சாகவில்லை. இரண்டாம் நாள் பொங்கியது ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டே இல்லை. அது வேறு ஆள், உங்கள் வீட்டுச் சமையலறைக்குத் தலைமுறை தலைமுறையாக வந்துபோகிற ஆள்.

"உறைமாவு" என்ற சொல்லுக்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஸ்டார்ட்டர் என்றே எழுதிவந்தேன். பாலில் உறைமோர் ஊற்றுவதைப்போல, புது மாவில் கொஞ்சம் பழைய மாவை இடுகிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை மணியின் தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்டா மாவில் தவிடு இருப்பதால் அவையும் கூடுதலாக இருக்கும். தண்ணீர் பட்டதும் மாவிலுள்ள அமைலேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு, ஸ்டார்ச் சங்கிலியைச் சர்க்கரைத் துண்டுகளாக வெட்டத் தொடங்குகிறது. படிவம் நான்கு உயிரியலில் படித்ததுதான். சர்க்கரை வந்துவிட்டால் பந்தி தொடங்கிவிட்டது என்று பொருள். முதல் பந்தியில் இடம் பிடிப்பவை மின்னல் வேகத்தில் பெருகும் பாக்டீரியாக்கள். அவற்றுள் முக்கியமானது லியூக்கனாஸ்டாக்.

இட்லி மாவைப் பொங்க வைப்பது இதே லியூக்கனாஸ்டாக்தான். 1965-இல் வெளியான ஆய்வு ஒன்று, இட்லி மாவு உப்புவதற்கு லியூக்கனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவே காரணம் என்று காட்டியது. அது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. செந்தூலில் என் வீட்டில் இரவு பத்து மணிக்குக் கரைத்து வைக்கும் மாவு விடியற்காலையில் பானையின் கழுத்தைத் தொடும். அந்தக் கட்டத்திலேயே நாம் இட்லித் தட்டில் ஊற்றி அவித்துவிடுகிறோம். அதனால் இந்தக் கதையின் முதல் பாதி மட்டுமே நமக்குத் தெரியும்.

அவிக்காமல் மேலும் இரண்டு நாள் விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் உங்கள் போத்தல் உங்களுக்குக் காட்டியது. லியூக்கனாஸ்டாக் கக்கிய அமிலமே லியூக்கனாஸ்டாக்கை முடக்கிவிடுகிறது. புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். மாவின் பிஎச் அளவு 4.5-க்குக் கீழே சரியச் சரிய அதன் வேகம் குறைந்து, கடைசியில் அடங்கிப்போகிறது. ஈஸ்ட்டுக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மாவில் தொடக்கத்தில் அது மிகச் சொற்பம், பெருகவும் நாள் பிடிக்கும். முதல் பந்தி எழுந்துபோய் இரண்டாம் பந்தி உட்காருவதற்கு முன் இலை வெறுமையாகக் கிடக்கும் நேரம்தான் அந்த நான்காம் நாள். மாவும் தண்ணீரும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஏழு, எட்டு, சில வேளை பத்தாம் நாள்கூட ஆகும். பிறகு மறுபடி பொங்கும். வாடையும் மாறியிருக்கும். இரண்டாம் நாள் அழுகிய பாலாடைக்கட்டி போல முகத்தில் அடித்த வாடை போய், மோரும் கனிந்த வாழைப்பழமும் கலந்த வாசம் வரும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை: அன்னாசிச் சாறு. முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றினால், பிஎச் 3.5 ஒட்டிய அதன் புளிப்பு முதல் பந்திக்கு வருபவர்களை வாசலிலேயே தடுத்துவிடும். பச்சைச் சாறானால் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். அன்னாசியில் புரதத்தை அறுக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, சூட்டில் அது செயலிழந்துவிடும்.

இனி இரண்டாம் பந்தி. நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் புளிப்பு ரொட்டி நூறு ஆண்டுக்கும் மேலாகப் பேர்பெற்றது. அதன் உறைமாவுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் கலிபோர்னியாவின் அல்பனியில் இருக்கும் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் லியோ கிளைன், ஃபிராங்க் சுகிஹாரா என்ற இருவர் 1970, 1971 ஆண்டுகளில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அங்கே ஒரு பாக்டீரியாவும் ஓர் ஈஸ்ட்டும் கூடிக் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. பாக்டீரியாவுக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: லாக்டோபாசிலஸ் சான்ஃபிரான்சிஸ்கோ. 2020-இல் வகைப்பாடு மாறியதிலிருந்து அதன் பெயர் ஃப்ரக்டிலாக்டோபாசிலஸ் சான்ஃபிரான்சிஸ்கென்சிஸ். ஈஸ்ட்டின் பெயரும் பலமுறை மாறியிருக்கிறது, கசக்ஸ்தானியா ஹியூமிலிஸ் என்பது அவற்றுள் ஒன்று.

அமைலேஸ் வெட்டிப்போடும் சர்க்கரையில் பெரும்பங்கு மால்டோஸ். இரண்டு குளுக்கோஸ் ஒட்டிப் பிறந்த ரெட்டை வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஈஸ்ட்டுக்கு மால்டோஸைத் தின்னத் தெரியாது. கண்முன்னே பழக்குலை தொங்கினாலும் அது பட்டினிதான். பாக்டீரியாவுக்கோ மால்டோஸ்தான் உயிர்.

உயிரணுவுக்குள் குளுக்கோஸை எரிக்க வேண்டுமானால் முதலில் அதில் ஒரு பாஸ்பேட்டை மாட்ட வேண்டும். அதை ஒரு கைப்பிடி என்று கொள்வோம். கைப்பிடி மாட்ட ஓர் ஏடிபி செலவாகும். ஏடிபிதான் உயிரணுவின் கைக்காசு. சாதாரணமாக மால்டோஸைத் தண்ணீர்கொண்டு பிளந்தால் வெறும் குளுக்கோஸ் இரண்டு கிடைக்கும், இரண்டுக்கும் காசு கொடுத்துக் கைப்பிடி மாட்ட வேண்டும். இந்த பாக்டீரியா அப்படிச் செய்வதில்லை. அதனிடமுள்ள மால்டோஸ் பாஸ்பரிலேஸ் என்ற நொதி, தண்ணீருக்குப் பதில் உயிரணுவுக்குள் சும்மா மிதக்கும் பாஸ்பேட்டையே கத்தியாக்கி ரெட்டைப் பழத்தைப் பிளக்கிறது. கத்தி பாதியிலேயே மாட்டிக்கொள்கிறது. ஒரு குளுக்கோஸ் கைப்பிடியோடு வந்து விழுகிறது, கைக்காசு செலவில்லாமல்! மற்றொன்று வெறும் குளுக்கோஸாக நிற்கிறது. அதைத் தின்ன வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும். மால்டோஸ் ஏராளமாகக் கிடக்கும்போது அதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்? வெறும் குளுக்கோஸை வெளியே தள்ளிவிட்டு அடுத்த ரெட்டைப் பழத்தை எடுக்கிறது.

அந்தத் தள்ளிவிட்ட குளுக்கோஸ்தான் ஈஸ்ட்டின் சாப்பாடு.

பதிலுக்கு ஈஸ்ட் மாவிலுள்ள சுக்ரோஸை உடைக்கும்போது ஃப்ரக்டோஸ் வெளிவருகிறது. பாக்டீரியா அதை மானிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றிக்கொள்வதால், சாராயம் ஆக்க வேண்டிய இடத்தில் அசிட்டிக் அமிலம் ஆக்கி இன்னும் ஓர் ஏடிபி சம்பாதிக்கிறது. ரொட்டியின் ஓரத்தில் நாக்கைச் சுண்டும் அந்தக் காடிப் புளிப்பு வருவது இங்கிருந்துதான். வெளியே கொட்டிய குளுக்கோஸ் இன்னொரு வேலையும் பார்க்கிறது. வேறு பல நுண்ணுயிர்கள் குளுக்கோஸைக் கண்டால் மால்டோஸைத் தின்னும் தங்கள் வழியை மூடிவிடும். அதனால் போட்டிக்கு வருபவர்கள் மால்டோஸ் பக்கமே திரும்புவதில்லை. ஓர் ஏடிபியை மிச்சம் பிடிப்பதில் தொடங்கிய காரியம் ஒரு குடியிருப்பையே கட்டி நிறுத்துகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை.

எல்லா உறைமாவிலும் இந்த ஜோடிதான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு கண்டங்களிலிருந்து பொதுமக்கள் அனுப்பிய 500 உறைமாவுகளை ஆராய்ந்த கட்டுரை 2021-இல் வந்தது. அதிகம் தென்பட்ட ஈஸ்ட், கடையில் பொட்டலமாக விற்கும் அதே சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஊரை வைத்து இன்ன நுண்ணுயிர் இருக்கும் என்று சொல்ல முடியவில்லை என்பது அதைவிட முக்கியமான முடிவு. ஆகவே "நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

கை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே மாவைக் கொடுத்து 15 ரொட்டிக்காரர்களை உறைமாவு கட்டச் சொல்லி, பிறகு பெல்ஜியத்தில் ஓரிடத்தில் கூட்டிச் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. ரொட்டிக்காரர்களின் கையில் இருந்த பாக்டீரியாவில் சராசரியாகக் கால் பங்கு, மாவைப் புளிக்க வைக்கும் லாக்டோபாசிலஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாவு கையை மாற்றுகிறது, கை மாவை மாற்றுகிறது. என் அப்பத்தா கரைத்தால் மாவு நன்றாகப் பொங்கும், கைராசி என்பார்கள். அந்தக் கைராசிக்கு இப்போது ஒரு முகவரி கிடைத்திருக்கிறது. ஆனால் அதே வீட்டில், மாதவிலக்கு நாள்களில் என் அம்மாவை மாவுப் பானைப் பக்கம் விடமாட்டார்கள், தொட்டால் கெட்டுவிடும் என்று. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. மாவைக் கெடுப்பது கழுவாத பாத்திரமும் அளவுக்கு மீறிய சூடும்தான். பானையைத் தொடாதே என்று இன்னமும் மகள்களிடம் சொல்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன, அதை நிறுத்த வேண்டும்.

500 வீட்டு மாவைத் திரட்டியதைப்போல நம் வீட்டு இட்லி மாவையும், பினாங்கின் ஆப்ப மாவையும், புளிக்க வைத்துச் செய்யும் தாப்பாயையும் திரட்டி ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மலாயாப் பல்கலைக்கழகமோ பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகமோ முன்வந்தால் எங்கள் தாமானில் வீடு வீடாகப் போய் மாவு வாங்கித் தர நான் தயார். சமையலறை ஆய்வு சில்லறைக் காரியம், பணம் ஒதுக்கத் தேவையில்லை என்று நினைப்பது பெரிய தவறு.

வெக்கைக்கு வருவோம், அதில் பாதி உண்மை இருக்கிறது. 1998-இல் இந்த ஜோடியின் வளர்ச்சியைக் கணித்த ஆய்வின்படி பாக்டீரியாவுக்கு உகந்த சூடு 32, 33 பாகை, ஈஸ்ட்டுக்கு 27 ஒட்டி. 36 பாகையில் ஈஸ்ட் வளர்வதே இல்லை. என் அடுப்பங்கரையில் பிற்பகல் மூன்று மணிக்கு 31 காட்டும். அதாவது தராசு பாக்டீரியா பக்கம் சாய்ந்தபடியே இருக்கிறது. குளிர் நாட்டுப் புத்தகம் சொல்கிற மணிக்கணக்கை நம்பினால் ரொட்டி உப்புவதற்கு முன்பே புளிப்பு மிஞ்சிவிடும். புளிப்பு மிஞ்சினால் மாவிலேயே இருக்கும் புரதம் வெட்டும் நொதிகள் சுறுசுறுப்பாகி, மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரத வலையை அறுத்துவிடும். போன தீபாவளிக்கு முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது. ஐந்து மணி நேரம் மேசையில் விட்ட மாவு, கூடையிலிருந்து கவிழ்த்ததும் தோசை மாவாகத் தட்டில் பரவியது. தொட்டால் நூல் நூலாகக் கையோடு வந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு பங்கு பழைய உறைமாவுக்கு ஐந்து பங்கு மாவு, ஐந்து பங்கு ஐஸ் தண்ணீர் என்று மாற்றிக்கொண்டேன். பிசைந்த மாவு இரண்டரை மணி நேரம் வெளியே, மிச்சம் முழுவதும் ஐஸ் பெட்டியில். கடைக் கோதுமை மாவில் புரதம் குறைவு, பொட்டலத்தில் ரொட்டி மாவு என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

தங்கச்சி, போத்தலில் மாவு மட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு மாட்டி வையுங்கள். நான்காம் நாள் மேலே நிற்கும் சாம்பல் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு கரண்டி மாவை மட்டும் வைத்துக்கொண்டு புது மாவும் தண்ணீரும் ஊட்டுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறமோ பூஞ்சையோ தென்பட்டால் மட்டும் கொட்டலாம். ரப்பர் பேண்டைத் தாண்டி இரண்டு மடங்காக ஏறும் நாள் வரும். ஊட்டிய நேரத்திலிருந்து அதற்கு எத்தனை மணி ஆனது, அப்போது அடுப்பங்கரையில் எத்தனை பாகை என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.