தீர்மானம் நிறைவேறிய பிறகும் ஒழுங்கைக்குக் கிறவல் ஏன் வரவில்லை?
வன்னியில் பிரதேச சபையிடம் ஒரு வேலையைக் கேட்டுப் பெறும் முறை

"சபையில தீர்மானம் எடுத்தாச்சாம், ஆனா ஒரு லோட் கிறவல் கூட வரேல்ல." கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என நான்கு மாவட்டங்களிலும் சனசமூக நிலையக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு இது. அமர்வில் உறுப்பினர் கொண்டுவந்த பிரேரணை கைதட்டலோடு நிறைவேறும், கூட்ட அறிக்கையிலும் பதிவாகும். ஆனால் அந்த வீதி யாருடையது, மதிப்பீடு தயாரா, பாதீட்டில் அதற்குப் பணம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாவிட்டால் அந்தத் தீர்மானம் தாளைவிட்டு வெளியே வராது. அந்த விடைகளில் பெரும்பகுதியைத் தேடித் தரக்கூடியவர்கள் ஊர் மக்கள்தான்.

2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, புதிய சபைகள் ஜூனில் தொடங்கின. இந்த இடைவெளியில் கோரிக்கை வைக்கும் பழக்கமே பல ஊர்களில் விட்டுப்போயிற்று. புதிய உறுப்பினர்களிலும் பலருக்கு நடைமுறை இப்போதுதான் பழகுகிறது.

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள்

ஏ9, மாங்குளம் - முல்லைத்தீவு ஏ34, பரந்தன் - முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ வீதிகளும் பி வீதிகளும் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இரணைமடு போன்ற பெரிய குளங்களின் வாய்க்கால் கரை வீதிகள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், சிறு குளங்களோடும் வயலோடும் சேர்ந்தவை பெரும்பாலும் கமநல சேவைப் பக்கத்துக்கும் போகும். எஞ்சிய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பிரதேச சபையினுடையவை. அவையும் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

வன்னியில் அதிகம் சிக்குவது இந்தப் பதிவேட்டில்தான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு புதிதாக வந்த குடியிருப்புகளின் பல ஒழுங்கைகள் பதிவேட்டில் இல்லை. சில ஒழுங்கைகளின் கடைசித் துண்டு வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட நிலத்துக்குள் போகிறது. பதிவில் இல்லாத வீதிக்குச் செலவு செய்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்பதால் சபையின் செயலாளர் கையொப்பமிடத் தயங்குவார். அது பிடிவாதம் என்று கோபிப்பதில் பயனில்லை. முதல் கோரிக்கையே "எங்கள் ஒழுங்கையைப் பதிவேட்டில் சேர்த்துத் தாருங்கள்" என்பதாக இருக்கட்டும். ஒழுங்கையின் அகலம் போதாமல் வேலியைப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தால், இரு பக்கக் காணிக்காரரின் சம்மதக் கையொப்பங்களை முன்கூட்டியே வாங்கிக் கடிதத்தோடு இணையுங்கள். வேலை தொடங்கிய பிறகு ஒருவர் வேலியை எடுக்க மறுத்து, பணம் வருட முடிவில் திரும்பிப் போன இடங்கள் உண்டு.

பொதுமண்டபம், முன்பள்ளி, விளையாட்டு மைதானம் என்று கேட்பவர்களுக்கும் இதே விதி. காணி அரச காணியாக இருந்தால் பிரதேச செயலாளரிடமிருந்து அது விடுவிக்கப்பட்டதற்கான கடிதம் வேண்டும். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. காணி, வாழ்வாதாரம், கிராம அலுவலர் தொடர்பான விடயங்கள் செயலகத்தில். உள்வீதி, வடிகால், சந்தை, குப்பை, வீதி விளக்கு, சுடலை, நூலகம், குடிநீர் பவுசர் எல்லாம் சபையில். கடிதம் தவறான கதவுக்குப் போனால் இரண்டு மாதம் வீண்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

"எமது வீதி மிகவும் மோசமாக உள்ளது, தயவுசெய்து திருத்தித் தரவும்" என்ற கடிதத்தை வைத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒன்றும் செய்ய முடியாது. வீதியின் தொடக்கம், முடிவு, மீற்றரில் நீளம், அகலம், அதைப் பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை, மாரியில் தண்ணீர் நிற்கும் இடம், அந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு அல்லது குளத்துக்கு வடிய வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். கையால் வரைந்த ஒரு படம் போதும். வீதி விளக்கு என்றால் மின்கம்பத்தில் உள்ள இலக்கத்தைக் குறியுங்கள். கம்பம் மின் விநியோக நிறுவனத்தினுடையது, விளக்கைப் பொருத்துவதும் பராமரிப்பதும் பிரதேச சபை. கம்பமே இல்லாத இடத்துக்கு விளக்குக் கேட்டால் விடயம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும்.

கடிதம் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றில் ஒன்றின் தலைப்பில், கூட்டத் தீர்மானத்தின் பிரதியோடு போவது நல்லது. மூன்று சங்கமும் மூன்று வேறு வேலையைக் கேட்டு எழுதினால் மூன்றுமே பின்தள்ளப்படும். ஊர் கூடி ஒன்றை முதலாவது, மற்றொன்றை இரண்டாவது என்று வரிசைப்படுத்துங்கள். தவிசாளருக்கு எழுதி, செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி வையுங்கள். ஒப்படைக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை கட்டாயம் வாங்குங்கள். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற அரசியலமைப்பில் உரிமை உண்டு.

பாதீட்டுக்கு முன்னே போய்ச் சேருங்கள்

சபையின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை வருட முடிவுக்கு முன் சபை நிறைவேற்ற வேண்டும். அதற்கான வேலைப் பட்டியல் அதற்கும் முன்பே உருவாகிவிடும். ஆகவே கோரிக்கை ஓகஸ்ட், செப்டெம்பரில் கைக்குப் போயிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நொவெம்பரில் எழுதும் கடிதம் பெரும்பாலும் அடுத்த ஆண்டின் பட்டியலையும் தவறவிடுகிறது. நம் ஊர்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். மாரியில் கோபம் வரும், கோடையில் மறந்துபோகும்.

பாதீட்டு வரைவு நிறைவேறும் முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். இரண்டு மூன்று பேர் போய், உங்கள் வட்டாரத்துக்கு என்ன வேலை, என்ன தொகை என்று பார்த்துக் குறித்து வாருங்கள். இல்லாவிட்டால் அப்போதே எழுத்தில் கேளுங்கள்.

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கும். சோலைவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம் ஆகியவற்றோடு நீதிமன்றத் தண்டப் பணமும் காணி உறுதிகளின் முத்திரைத் தீர்வையும் மாகாணம் வழியாகச் சபைக்கு வருகின்றன. வன்னியில் பெரும்பாலான காணிகள் அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த உத்தரவுப் பத்திரக் காணிகள். அவை உறுதி முடித்துத் தாராளமாகக் கைமாறுவதில்லை. அதனால் அந்த வருமானம் இங்கே மெலிவு. பெரிய வீதிகள் பெரும்பாலும் மாகாண அல்லது மத்திய நிதியில்தான் நடக்கும்.

சோலைவரி கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. முழு ஆண்டுக்குரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு, காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதக் கழிவு. வரிக்காகச் சொத்துக்குப் போட்ட மதிப்பீடு கூடிவிட்டது என்று நினைத்தால், அறிவித்தல் கிடைத்து அதில் குறித்திருக்கும் தவணைக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். வாய்ப்பேச்சு ஆட்சேபனை கணக்கில் வராது.

வேலை நடக்கும்போது எண்ண வேண்டியது

3 மீற்றர், அதாவது ஏறத்தாழ 10 அடி அகலமான ஒழுங்கையில் 100 மீற்றருக்கு 4 அங்குலக் கனத்தில் கிறவல் போடுவதாக மதிப்பீடு சொன்னால், உருட்டி இறுகிய பிறகு நிற்க வேண்டியது ஏறத்தாழ 11 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கொட்டும்போது கிறவல் பொருமியிருக்கும். ஆகவே சுமார் 14 கியூப் இறங்க வேண்டும். 3 கியூப் ரிப்பர் என்றால் ஐந்து லோட். மூன்று லோட்டோடு முடிந்தால் கனம் இரண்டரை அங்குலத்தில் நிற்கும், முதல் மாரியிலேயே கீழ்மண் தெரியும். இதற்கு அதிகாரியாக இருக்கத் தேவையில்லை. ஒழுங்கை வாசலில் இருக்கும் யாரும் ஒரு கொப்பியில் திகதியும் லோட்டும் குறிக்கலாம்.

நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த அகலத்துக்கு நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறத்தாழ 3 அங்குலம் உயர வேண்டும். தட்டையாக விட்டால் தண்ணீர் நடுவிலேயே தேங்கிக் குழி விழும். பக்க வாய்க்கால் வெட்டியும் அது போய்ச் சேரும் இடம் இல்லையென்றால் வாய்க்காலே குட்டையாகும். கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறம் கண்டாவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு, இரணைமடு வான்கதவு திறக்கும்போது இதன் அருமை தெரியும். ஒக்டோபர் மழை தொடங்கிய பிறகு அவசரமாகக் கிறவல் கொட்ட வந்தால், ஈரமண் இறுகாது என்று சொல்லித் தள்ளிப்போடக் கேட்பது தவறில்லை.

சபைக்குள் மக்களுக்கு உள்ள இடம்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் எனக் குழுக்கள் அமையும். அவற்றில் உறுப்பினர்களோடு ஊரில் வசிக்கும் மற்றவர்களையும் சேர்க்கலாம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரோ, மேசன் வேலை தெரிந்த ஒருவரோ, கமக்காரர் அமைப்பின் செயலாளரோ அங்கே உட்கார்ந்தால் பேச்சு வேறு தரத்துக்குப் போகும். உங்கள் சபையில் குழுக்கள் கூடுகின்றனவா, வெளியாட்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்காத இடத்தில் குழு காகிதத்திலேயே கிடக்கும்.

சில முடிவுகள் ஊர் ஒத்துழைக்காவிட்டால் நடக்கவே மாட்டாது. கட்டாக்காலி மாடுகள் அப்படி ஒன்று. காலபோகத்தில் வயலெல்லாம் விதைப்பில் இருக்க, மேய்ச்சல் தரையும் இல்லாமல் மாடுகள் இரவில் ஏ9 தாரில் வந்து படுக்கின்றன, மோட்டார்சைக்கிளில் வருபவர் மோதி விழுகிறார். சபை மாட்டைப் பிடித்து அடைத்து, தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிடலாம். ஆனால் காதுத்தோடோ குறியோ இல்லாத மாட்டுக்கு யாரும் உரிமை சொல்ல வருவதில்லை, செலவு சபையின் தலையில் விழுகிறது. தண்டத்தைக் கூட்டுவதோடு மேய்ச்சல் தரை ஒதுக்குவதையும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைக் கேட்பது மாடு வளர்ப்பவருக்கு அநியாயம்.

பதில் வராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கடிதம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் எங்கள் வீதி போடவில்லை" என்று கேட்காதீர்கள், அது விளக்கம் கேட்பது. ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன திகதி அமர்வின் கூட்ட அறிக்கைப் பிரதி, இன்ன வீதியின் மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவுப் பற்றுச்சீட்டு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று கிழமைக்குள் முடிவு தர வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதம் கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதற்கான எழுத்து வாங்காதவர்கள்தான் பின்னர் நாள் கணக்கை நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

நிர்வாகத் தாமதம் பற்றிய முறைப்பாடு மாவட்ட உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்கு எழுதப்பட வேண்டும். வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்த பிறகு தேர்தல் நடக்காததால், முன்பு மாகாண அமைச்சரிடம் இருந்த உள்ளூராட்சிப் பொறுப்பு இப்போது ஆளுநரிடம். அவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், முத்திரை குத்திய உங்கள் முதல் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து.